பேருந்துக்குள் ஒரு விமானக் கடத்தல்

“அம்மா, அவங்க நம்மள யாருகிட்டேர்ந்து காப்பாத்துனாங்க?”

என் மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு நாலு வயது முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. இப்போது ஏழு முடிந்துவிட்டது. அன்றைக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. பட்டம் வாங்கியவள், கல்யாணத்துக்கு முன்பு ஒரு வருடம் பள்ளியில் அறிவியல் பாடம் எடுத்தவள், ஒரு குழந்தையின் ஒரு வரிக் கேள்விக்கு முன்னால் வாயடைத்து நிற்கிறேன். அதனால்தான் நடந்ததை முதலிலிருந்து எழுதிப் பார்க்கிறேன்.

என் கணவர் புதுச்சேரியில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீடு. ஒருநாள் மாலை அவர் வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்:

“சனிக்கெழம நம்ம மூணு பேரும் பிளேன்ல போறோம்.”

“எந்தப் பிளேன்ல? நம்ம ஊருக்குதான் பிளேனே வராதே?”

அவர் விளக்கினார். லாஸ்பேட்டையில் இருக்கும் விமான நிலையத்தில் ஒரு ஒத்திகை நடக்கப்போகிறது. தீவிரவாதிகள் ஒரு விமானத்தைக் கடத்தி வந்து நிறுத்தியதாக வைத்துக்கொள்வார்கள். கமாண்டோ படை வந்து பயணிகளை மீட்கும். அந்தப் பயணிகளாக உட்கார ஆட்கள் வேண்டும்.

“ஆம்பளைங்க மட்டும் உக்காந்தா நல்லா இருக்காதாம். பொண்டாட்டி புள்ளைங்கள இட்டாந்தா நெஜமா இருக்கும்ன்றாரு எங்க அதிகாரி. நான் சரின்னுட்டேன்.”

“என்னக் கேக்காமயா?”

“அவரு கேக்கும்போது நீ பக்கத்துல இல்லியே.”

என் மாமியார் உள்ளே இருந்தபடியே சொன்னார்: “போயிட்டு வாங்களேன். புள்ளைக்கு ஏரோப்ளேன காட்டுனாப்புல இருக்கும்.”

நானும் சரி என்றேன். மேலதிகாரி சொன்னதை மறுத்தால் கணவருக்குச் சங்கடம் வருமோ என்று ஒரு பக்கம். மகள் அதற்குள் “பிளேன், பிளேன்” என்று கூடத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்துவிட்டாள் என்பது இன்னொரு பக்கம். சனிக்கிழமை காலையில் அவளுக்கு நல்ல கவுன் போட்டு, தலைக்கு நாடா கட்டி அழைத்துப் போனேன். கிறிஸ்துமஸுக்கு எடுத்த கவுன்.

ஓடுபாதை நடுவில் ஒரு பேருந்து நின்றது. பக்கவாட்டில் வெள்ளைத் தாளில் ஆங்கிலத்தில் ‘விமானம்’ என்று அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். கண்ணாடி எல்லாவற்றிலும் கறுப்புத் தாள்.

“இது பஸ்ஸு,” என்றாள் மகள்.

“பிளேன்னு நெனச்சிக்கணும் கண்ணு,” என்றார் அவள் அப்பா.

“எப்பப் பறக்கும்?”

“ஏறி உக்காரு, சொல்றேன்.”

ஏறுவதற்கு முன்பு ஒரு அதிகாரி எங்களை வரிசையில் நிற்கவைத்துப் பேசினார். யாரும் சிரிக்கக் கூடாது, சிரித்தால் தன் ஆட்களின் பயிற்சி கெட்டுப்போகும் என்றார். “கொழந்தைங்ககிட்ட வெளையாட்டுன்னு சொல்லிடாதீங்க. அதுங்க அப்புறம் சீரியஸா உக்காராது.” மற்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். எனக்கு எப்போதும் அப்படித்தான். முன்னால் நின்று ஒருவர் சொன்னால் அது பள்ளிக்கூடத்தில் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

எனக்கும் மகளுக்கும் பின்பக்கம் இடம் கிடைத்தது. கணவர் இரண்டு வரிசை முன்னால் ஆண்களோடு உட்கார்ந்தார். எனக்குப் பின்னால் அவர் அலுவலகத்திலேயே வேலை பார்க்கும் ஒருவருடைய மனைவி. “ஜன்னல் சீட்டு வேணும்னு சண்ட போட்டு வாங்குனேன். பாத்தா பேப்பர ஒட்டி வச்சிருக்கானுங்க,” என்று முணுமுணுத்தாள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

கடத்தல்காரர்களாக மூன்று பேர் ஏறினார்கள். மூவரும் முகத்தைக் கட்டம்போட்ட துண்டால் மூடியிருந்தார்கள். கண் மட்டும் தெரிந்தது. ஒருவன் கதவை இழுத்துச் சாத்தி உள்ளே கயிறு போட்டுக் கட்டினான். தலைவன் மாதிரி இருந்தவன் தடியால் கூரையில் ஓங்கித் தட்டி ஏதோ கத்தினான். சிரிக்கலாமா வேண்டாமா என்று இருந்த எல்லோரும் அந்தச் சத்தத்தில் அடங்கிப்போனோம். மகள் என் மடியில் ஏறிக்கொண்டாள்.

மூன்றாவது ஆள் எங்கள் வரிசைக்குப் பக்கத்தில் காவல் நின்றான். ஆள் நல்ல உயரம். குரல் சளி பிடித்ததுபோலக் கரகரவென்று இருக்கும்.

அதன் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான் அங்கே நடந்தது. தலைவன் வாக்கி டாக்கியில் வெளியே பேசிக்கொண்டே இருந்தான். எரிபொருள் வேண்டும் என்றான். சிறையில் இருக்கும் ஆட்களை விட வேண்டும் என்றான். பின்னால் இருந்தவள், “பங்க்குல போய்க் கேட்டா குடுப்பாங்க,” என்றாள் என் காதருகில். கரகரக் குரல்காரனுக்கும் அது கேட்டுவிட்டது. துண்டுக்கு மேலே அவன் கண்கள் சிரித்தன.

வெயில் ஏற ஏறப் பேருந்தின் தகரம் கொதித்தது. எஞ்சினை நிறுத்தியிருந்தார்கள், காற்று துளிகூட இல்லை. கறுப்புத் தாளில் எங்கோ ஒரு கிழிசல் வழியாக வெளிச்சம் ஊசியாக விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நான் மூச்சை எண்ணினேன். வெளியே போக வேண்டும் என்றால் எழுந்து கதவைத் தட்டினால் போதும், எல்லோரும் நம் ஊர் ஆட்கள்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எழுந்திருக்க முடியவில்லை. 

மகள் தண்ணீர் கேட்டாள். நான் கொண்டுவந்த பாட்டிலை ஏறும்போதே வாங்கி வைத்துவிட்டார்கள். அந்த ஆள் தலைவன் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் இடுப்பில் இருந்த பாட்டிலைக் குனிந்து நீட்டினான். “சத்தம் போடாமக் குடி பாப்பா. நான் கெட்டவன்.”

அவள் குடித்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு அவன்மேல் பயம் போய்விட்டது. நான் கைப்பையில் ஒளித்து வைத்திருந்த பிஸ்கட்டைக் கொடுத்ததும் பாதியை உடைத்து அவன் பக்கம் நீட்டினாள்.

“மாமா, உங்க வாய் எங்க?”

“மூடி வச்சிருக்கேன்.”

“அப்ப எப்படி சாப்புடுவீங்க?”

அவன் குனிந்தான். அவள் துண்டுக்கு அடியில் கையை விட்டுத் தேடி வாயைக் கண்டுபிடித்து பிஸ்கட்டைத் திணித்தாள். அவனுக்குப் புரையேறிவிட்டது. இதெல்லாம் அனுமதியா என்று எனக்குக் கவலை. பயிற்சி கெட்டுவிடுமோ என்று அந்த அதிகாரியின் முகம் மனதில் வந்து வந்து போனது.

பிறகு அவளுக்கு ஒன்றுக்கு வந்தது. அந்த ஆள் போய்த் தலைவனிடம் சொன்னான். தலைவன் கடுப்பாகத் தலையை ஆட்டினான், கதவைத் திறக்க முடியாது. என் கணவர் திரும்பிப் பார்த்து, இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று கையைக் காட்டினார். அவருக்கும் எப்படித் தெரியும்? அவள் அடக்கி அடக்கிப் பார்த்து, கடைசியில் என் மடியிலேயே போய்விட்டாள். அவமானத்தில் சத்தமில்லாமல் அழுதாள். கரகரக் குரல், “பரவால்ல பாப்பா, எங்க ஊட்லயும் ஒண்ணு இருக்கு, டெய்லி இதே கததான்,” என்றது.

அவன் அதைச் சொல்லி வாயை மூடவில்லை, இடி விழுந்த மாதிரி சத்தம்.

முன்கதவும் பின்கதவும் ஒரே நேரத்தில் பெயர்ந்தன. புகை. கறுப்பு உடை, கறுப்பு முகமூடி, துப்பாக்கி. இந்தியில் ஏதோ கத்தினார்கள். தலையைக் குனியச் சொன்னார்கள் என்று பிறகு தெரிந்தது. எங்களில் ஒருவருக்கும் இந்தி தெரியாது, எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தோம். ஒரு கை என் தலையைப் பிடித்து அழுத்தியது. இன்னொரு கை என் மடியில் இருந்தவளை இழுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடியது. வெற்றுத் தோட்டாதான், ஆனால் தகரக் கூட்டுக்குள் அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த உயரமான ஆள் நடைபாதையில் மல்லாந்து விழுந்தான். என் மகள் அந்த அக்குளிலிருந்து தலையைத் திருப்பி அவனைப் பார்த்தபடியே வெளியே போனாள்.

அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அவ்வளவு வேகம், அவ்வளவு துல்லியம். சத்தியமாகச் சொல்கிறேன், அது பார்க்க வேண்டிய வீரம்தான். ஒரு பயணிக்கும் கீறல் இல்லை என்று வெளியே போட்டிருந்த பந்தலில் படையின் மேலதிகாரி பெருமையாகச் சொன்னார், எல்லோரும் கை தட்டினோம். சமோசாவும் டீயும் கொடுத்தார்கள். செத்தவர்கள் மட்டும் வரவில்லை. ஒத்திகையை மதிப்பிட வந்த அதிகாரிகள் கணக்குப் பார்த்து முடிக்கும்வரை அவர்கள் விழுந்த இடத்திலேயே அசையாமல் கிடக்க வேண்டுமாம். அது விதி. அதற்குள் எங்களை வேறு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

கிளம்புவதற்கு முன்பு, அவளைத் தூக்கி வந்த கமாண்டோ முகமூடியைக் கழற்றிவிட்டு, சின்னப் பையன் முகத்தோடு சிரித்துக்கொண்டு போட்டோ எடுக்க வந்தார். அவள் அலறிய அலறலில் டீ ஊற்றிக்கொண்டிருந்தவர் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நான் உண்மையாக மாட்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை பள்ளி வேன் வந்தது. ஆயாம்மா கதவை இழுத்ததும் இவள் உடம்பை விறைத்துக்கொண்டு வீதியில் விழுந்தாள். மறுநாளும் அப்படியே. டவுன் பஸ், ஷேர் ஆட்டோ, எதில் ஏற்றினாலும் ஒரே கேள்வி: “நம்மளக் காப்பாத்த வந்துடுவாங்களாம்மா?” உலகத்தில் வேறு எந்தக் குழந்தையாவது இதை இந்தப் பயத்தோடு கேட்டிருக்குமா என்று எனக்குத் தெரியாது. கடத்தியவர்களைப் பற்றி அவளுக்குப் பயமே இல்லை. காப்பாற்ற வருகிறவர்களிடம்தான் பயம்.

வீட்டில் கதவைச் சாத்தவே விடமாட்டாள். கழிப்பறைக் கதவைக்கூட நான் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். கடைக்குப் போக முடியாது, தூங்க முடியாது. கணவர், “ரெண்டு நாள்ல மறந்துடுவா,” என்றார். ரெண்டு நாள் ரெண்டு வாரமானது. மாமியார், “பயந்துருக்குது. சாமியார்கிட்ட கூட்டிட்டுப் போய்த் தலைல கைய வச்சி ஜெபம் பண்ணிட்டு வா,” என்றார். கூட்டிப் போனேன். மாதா கோயிலின் பெரிய கதவு அகலமாகத் திறந்திருந்ததால் அங்கே மட்டும் அவள் சமர்த்தாக இருந்தாள்.

ஒரு மதியம் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள், யாரிடமிருந்து காப்பாற்றினார்கள் என்று. நான் அடுத்த கவளத்தைப் பிசைந்தேன். அவளே அடுத்ததற்குப் போனாள்.

“அந்த மாமா செத்துட்டாருல்ல?”

“இல்ல கண்ணு. எழுந்துட்டாரு.”

“மூணாம் நாளா?”

அது தவக்காலம். எங்கள் பங்குக் கோயிலில், இயேசுவின் பாடுகளை நடிக்கும் பாஸ்கா நாடகத்துக்கு ஆட்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். போன வருடம் அவள் என் தோளில் உட்கார்ந்து முழு நாடகத்தையும் பார்த்தவள். சிலுவையில் செத்தவர் வெள்ளை உடையோடு வெளிச்சத்தில் எழுந்து வந்ததும் கை தட்டியவள். செத்தவர்கள் மூன்றாம் நாள் எழுந்துவிடுவார்கள் என்பது அவளுக்கு ஊர் வழக்கம் மாதிரி. நான் களைத்துப்போயிருந்தேன். தட்டில் பாதிச் சோறு இருந்தது.

“ஆமா, மூணாம் நாள்,” என்றேன். அவள் வாயைத் திறந்தாள், மிச்சச் சோறு உள்ளே போனது.

அடுத்த ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தவர் யார் என்று கேட்டதற்கு என் மகள் எழுந்து நின்று, “பஸ்ஸு மாமா,” என்றாளாம். சிஸ்டருக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. “நீங்க படிச்சவங்கதானே? கொழந்தைக்கு என்ன சொல்லிக் குடுக்குறீங்க?”

அவளைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பள்ளியில் அதற்கு முன்பே, பயம் தெளிந்த பிறகு அடுத்த வருடம் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அன்று இரவு கணவரிடம் ஒரேயடியாகச் சொன்னேன்: “அந்த ஆளக் கண்டுபுடிங்க. உயிரோட அவ கண்ணுல காட்டணும். அது வெறும் நாடகம், யாரும் சாகலன்னு அவரே சொல்லணும்.”

கணவர் தன் அதிகாரியைப் பிடித்து, அவர் இன்னொருவரைப் பிடித்து, கடைசியில் ஆள் கிடைத்தார். அவர் ஒரு போலீஸ்காரர். ஒத்திகைக்குக் கடத்தல்காரனாகப் போகச் சொன்னார்கள், போனார், அவ்வளவுதான். விஷயத்தைக் கேட்டதும், “அய்யோ, அந்தப் பாப்பாவா? ஞாயித்துக்கெழம வர்றேன் சார், நாலு மணிக்குத்தான் ட்யூட்டி,” என்றாராம்.

சட்டை, பேண்ட்டில் வந்தார். எங்கள் வீட்டுச் சோபாவில் நுனியில் உட்கார்ந்தார். முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தேன், மீசை வைத்த சாதாரண முகம். என் மகள் என் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். யாரோ விருந்தாளி என்று நினைத்தாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “பாப்பா, நல்லாருக்கியா?” என்றார்.

அந்தக் கரகரப்பைக் கேட்டதும் அவள் விறைத்தாள். மெதுவாகப் போய் அவர் முன்னால் நின்றாள். தன் உள்ளங்கையால் அவர் வாயையும் மூக்கையும் மறைத்துப் பிடித்து, கண்ணை மட்டும் பார்த்தாள். பிறகு கையை எடுத்தாள்.

“மாமா, குண்டு பட்ட எடத்தக் காட்டுங்க.”

நாங்கள் பேசி வைத்திருந்தது வேறு. அது நாடகம், துப்பாக்கியில் குண்டே இல்லை என்று அவர் சொல்ல வேண்டும். அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, “ஆறிடுச்சி பாரு,” என்றுவிட்டார். பெற்ற எனக்கே வராத தைரியம் அவருக்கு எப்படி வரும்?

சுதாரித்துக்கொண்டு, “பாப்பா, அது வந்து… அது ஒரு நாடகம். அந்தக் கறுப்புச் சட்ட அண்ணன்லாம் எனக்குத் தெரிஞ்சவங்கதான்,” என்று ஆரம்பித்தார்.

“ஷ்ஷ்!” என்றாள் அவள். “சத்தம் போடாதீங்க. வந்துடுவாங்க.”

வாசல் கதவுக்கு ஓடினாள். இத்தனை நாள் சாத்த விடாத கதவை அவளே தள்ளிச் சாத்தினாள். முக்காலியை இழுத்துப்போட்டு ஏறித் தாழ்ப்பாள் போட்டாள். ஜன்னல் திரைகளை இழுத்தாள். மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள், சத்தம் வெளியே கேட்குமாம். அவரைக் கையைப் பிடித்து இழுத்துச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் உட்காரவைத்தாள். ஆறடி ஆள், தலையைக் குனிந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எங்களையும் தரையில் உட்காரச் சொன்னாள். மாமியார், “எனக்கு முட்டி வலிடி, நான் சேர்லயே இருக்கேனே,” என்று கெஞ்சினார். “தலையாவது குனிங்க ஆயா,” என்றாள்.

மூடிய வீட்டுக்குள் புழுக்கம் ஏறியது. ஐந்து பேர் மூச்சும் ஒருவர் மீது ஒருவர் பட்டது. மறுபடி அதே இடம், நான் நினைத்துக்கொண்டேன். இந்த முறை கடத்தி வைத்திருப்பது என் மகள்.

நேரம் போனது. மேசைக்கு அடியிலிருந்து, “அக்கா, எனக்கு ட்யூட்டிக்கு லேட்டாவுது,” என்று குரல் வந்தது. மகள் அவர் வாயைப் பொத்தினாள். என் கணவர் பொறுமை இழந்தார். “போதும் கண்ணு. அப்பா கதவத் தொறக்கறேன்,” என்று எழுந்து தாழ்ப்பாளை நோக்கிப் போனார்.

அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். அந்தப் பேருந்துக் கதவு பெயரப்போகிறது என்று முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தால் எப்படி இருந்திருப்பாளோ அப்படி.

நான் போய்க் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டேன். கணவரை மறித்து நான் நின்றது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

“வேணாங்க.”

“பின்ன ராத்திரிக்கும் அவரு இங்கியே இருக்கணுமா?”

“அவ கண்ணு முன்னாடி இந்தக் கதவ யாரும் பலவந்தமாத் தொறக்க வேணாம்.”

சொல்லிவிட்டேனே தவிர, அடுத்து என்ன என்று எனக்கே தெரியவில்லை. ஒரே ஒரு வழி மனதில் வந்தது. மகளிடம் போய், “வீதியில யாராவது வர்றாங்களான்னு ஜன்னல் சந்து வழியாப் பாத்துட்டு இரு,” என்றேன். அவள் திரைக்குள் தலையை நுழைத்துக் காவல் நின்றாள். நான் அந்த மனிதரைச் சமையலறை வழியாகத் துணி துவைக்கும் இடத்துக்கு அழைத்துப் போனேன். பின்பக்கம் வாசல் கிடையாது, மதில்தான். துவைக்கிற கல்மேல் ஏறி, ஒரு போலீஸ்காரர் எங்கள் வீட்டு மதிலைத் தாண்டி அடுத்த தெருவில் குதித்தார். “செருப்பு முன்னாடி கெடக்குது அக்கா,” என்று மதிலுக்கு அந்தாண்டையிலிருந்து மெதுவாகச் சொன்னார். என் கணவரே அதைப் பிறகு கொண்டுபோய்க் கொடுத்தார்.

திரும்பி வந்து மகளிடம் சொன்னேன், அவர் போய்விட்டார் என்று. அவள் மேசைக்கு அடியில் பார்த்தாள், சமையலறையில் பார்த்தாள், மதிலைப் பார்த்தாள்.

“தப்பிச்சிட்டாரா?”

“தப்பிச்சிட்டாரு.”

அவள் சிரித்தாள். ஒத்திகைக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். தானே போய்த் தாழ்ப்பாளைத் திறந்தாள். பள்ளியில் மறுபடி சேர்த்துக்கொள்ள, அந்த வாரத்திலேயே வேனில் ஏறினாள். கதவைச் சாத்தும்போது என் பக்கம் திரும்பி ஒரு கண்ணைச் சிமிட்டினாள், எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்பதுபோல.  எல்லோரும் நிம்மதியாகிவிட்டார்கள், என்னைத் தவிர.

ஏனென்றால் இப்போது அவள் நம்பிக்கொண்டிருப்பது இதுதான்: அந்த நல்ல மாமாவைக் கறுப்பு உடை போட்டவர்கள் சுட்டார்கள். அவர் எழுந்தார். அம்மா அவரைத் தப்பவிட்டாள். இதை யாரிடமும் சொல்லக் கூடாது. மூன்று வருடமாகச் சொல்லவும் இல்லை. அவ்வளவு கட்டுப்பாடு அந்த வயதில் யாருக்கு வரும்?

ஊர் சின்னது. போன மாதம் வைத்திக்குப்பத்தில் மீன் வாங்கப் போயிருந்தோம். சங்கரா மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். எதிரே அவர், காக்கி உடுப்பில், தொப்பியோடு. அவரும் என்னைப் பார்த்துவிட்டார். மகள் கூடைக்குள் நண்டைக் குச்சியால் சீண்டிக்கொண்டிருந்தாள். நான் சட்டென்று அவள் முகத்தைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன். அவர் கைக்குட்டையை எடுத்து வாயை மூடி, தும்முவதுபோல் திரும்பிக்கொண்டு நடந்துவிட்டார். மீன்காரம்மா, “இன்னா, கடன்காரனா?” என்று கேட்டாள். வீட்டுக்கு வந்து மீனை அலசிக்கொண்டே யோசித்தேன். நான் எதை மறைக்கிறேன்? யாரிடமிருந்து?

இப்போது பிரான்சில் இருக்கும் என் நாத்தனார் மகனுக்குக் கல்யாணம். குடும்பத்தோடு போக டிக்கெட் எடுத்தாகிவிட்டது. என் மகள் முதல்முறையாக நிஜ விமானத்தில் ஏறப்போகிறாள். பயம் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

“எனக்கு இன்னா பயம்? யாராவது கடத்துனா நான் அவங்க பக்கத்துல போய் உக்காந்துப்பேன். கறுப்புச் சட்ட வந்தா ஓடிருவேன்.”

அவள் தைரியமாகத்தான் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. சென்னை விமான நிலையத்தில் துப்பாக்கியோடு நிற்பவர்களைப் பார்த்து அவள் என்ன செய்வாள் என்பதோடு இது நிற்கவில்லை. கடவுள் காக்க, என்றைக்காவது எங்காவது உண்மையிலேயே ஆபத்து வந்தால், கை நீட்டுகிற யார் பக்கம் அவள் ஓட வேண்டும் என்பதை நான் தலைகீழாக மாற்றி வைத்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால், மூன்று வருடமாக அம்மா சொன்னது பொய் என்று தெரியும். திரும்பவும் கதவைச் சாத்த விடாத பிள்ளையாகிவிட்டால் அந்தப் பதினொரு மணி நேரப் பயணத்தில் நடுவானில் அவளை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்?

கணவர், “நல்லாத்தான இருக்கா, ஏன் நோண்டுற?” என்கிறார். மாமியார், “வயசானா தானாப் புரியும்,” என்கிறார். இருவர் சொல்வதும் சரியாகப் படுகிறது, ராத்திரியில் இரண்டும் தப்பாகப் படுகிறது. அந்தப் போலீஸ்காரரையே மறுபடி கூப்பிட்டு, காக்கி உடுப்போடு அவள் முன்னால் நிறுத்தலாமா என்றும் யோசித்தேன். போன தடவை அவரைக் கூப்பிட்டதால் வந்ததை நினைத்து விட்டுவிட்டேன்.

இதைப் படிக்கிறவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவர்கள் இருப்பீர்கள். காக்கியும் கறுப்பும் போட்டு வேலை செய்கிறவர்களும் இருக்கலாம். எங்களுக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. இவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டு விமானம் ஏற்றட்டுமா, போய்த் திரும்பிய பிறகு சொல்லட்டுமா? சொல்வதென்றால், அவளுடைய அந்த மாமாவை மறுபடியும் சாகடிக்காமல் எப்படி ஆரம்பிப்பது? உங்களுக்குத் தோன்றுவதைத் தயவுசெய்து எழுதுங்கள்.